வேண்டாம் எனலாம்

இங்கே தேர்வு வாயால்.
எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவர முடியாது.
பதோவாவில், மூன்றாம் மாடியில்,
பேராசிரியருக்கு எதிரே ஒரு நாற்காலி.
பின்னால் நாற்பது பேர்
தம் முறைக்குக் காத்தபடி
உன் தடுமாற்றத்தைக் குறிப்பெடுப்பார்கள்.

கேள்விகள் முடிந்ததும் ஓர் எண் சொல்வார்.
முப்பதுக்கு இத்தனை.
பிறகு கேட்பார்: ஏற்கிறாயா?
பிடிக்காவிட்டால் வேண்டாம் எனலாம்,
அடுத்த மாதம் மறுபடி வரலாம்.
அபராதம் கிடையாது.
முதல்முறை இதைக் கேட்டபோது
மொழி தெரியாமல் எனக்குத்தான்
தப்பாகக் கேட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்கு முன்னால் லுடோவிகா.
அணைக்கு அடியில் நீர் கசியும் கணக்கு.
இருபத்தேழு என்றார்.
அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு
வேண்டாம் என்றாள்,
பந்தியில் இரண்டாம் முறை வந்த பாயசத்தை
இலைமேல் கை விரித்துத் தடுப்பதுபோல.
அவரும் சிரித்து, ஜூலையில் பார்ப்போம் என்றார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்.
என்னையல்ல, என் அப்பாவை.
குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கக்கூடாதென்று
விசா விண்ணப்பம் அடம்பிடித்த நாளிலிருந்து
இந்த நாட்டில் நான் வீரபத்திரன்.
"வீ... ரா... பா..." என்று அவர் படியேற,
மீதிப் படிகளை நானே ஏறிப் போய்
உட்கார்ந்தேன்.

கசிவுக் கோடுகள் வரைந்தேன்.
சதுரங்கள் சதுரமாக வரவில்லை.
விடை தெரிந்த இடத்தில் வினைச்சொல் தெரியவில்லை.
வினைச்சொல் கிடைத்தபோது
அவர் அடுத்த கேள்வியில் இருந்தார்.

பத்தொன்பது.
ஏற்கிறீர்களா, சிஞ்ஞோரினா வீரபத்திரன்?

அப்போது ஒரு கணக்குப் போட்டேன், இந்த முறை பிழையில்லாமல்:
ஆகஸ்ட் பத்துக்குள் இருபது கிரெடிட்,
இல்லையேல் உதவித்தொகை நிற்கும்,
நின்றால் விடுதி அறை போகும்,
அறை போனால் தங்கும் அனுமதி,
அதற்கு ஒட்டிய பதினாறு யூரோ முத்திரை,
காவல் நிலைய வாசலில் விடியுமுன் நின்ற வரிசை,
வரிசையில் எனக்கு முன் நின்ற மால்டோவாக்காரி
பாதி பிய்த்துக் கொடுத்த ரொட்டி வரைக்கும்
ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தது.
ஏற்கிறேன் என்றேன்.
கைபேசி ஒப்பந்தத்திலும் காப்பீட்டுத் தாளிலும்
பழகிய சொல். தடங்கலில்லாமல் வந்தது.

வெளியே லுடோவிகா கோபித்தாள்.
உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் வாங்கிக்கொண்டாய்?
இப்போது அவளுக்குச் சொல்ல
என்னிடம் வினைச்சொற்கள் எல்லாம் இருந்தன.
காப்பி குடிக்கலாமா என்றேன்.
காசு அவள் கொடுத்தாள். அதையும் ஏற்றேன்.

ஜூலை.
கிரெடிட் இருபத்துநான்கு சேர்ந்தாயிற்று.
அறையில் மின்விசிறி இல்லை.
நீரியல் பேராசிரியை தெ மார்கி
பெயர்ப்பட்டியலால் விசிறிக்கொண்டே
இருபத்துநான்கு என்றார்.
இங்கே நான் தொட்டதில் பெரிய எண்.
ஏற்கிறீர்களா?

என்ன வந்ததென்று தெரியவில்லை.
வேண்டாம் என்றேன்.
குரல்கூட உயரவில்லை.
கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை பார்த்தார்,
கணினியில் தட்டினார்.
எட்டிப் பார்த்தேன்:
வீரபத்திரன். மறுத்தார்.

கூடுதல் ஷிப்ட்டை, மாற்றல் உத்தரவை,
பாகம் பிரிக்கையில் அவர் பங்குக்கு வந்த
ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை,
தட்டில் விழுந்த எதையும்
வேண்டாமென்று சொல்லி நான் பார்த்திராத மனிதர்
இத்தாலியில் ஒரு பதிவேட்டில்
காரணம் சொல்லாமல் மறுத்திருக்கிறார்.

இரவு போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எத்தனைக்கு எத்தனை குடுத்தாங்க?"
"முப்பதுக்கு இருபத்துநாலு."
மனக்கணக்குக்கு அவர் எப்போதும் வேகம்.
"எம்பது பர்சென்ட்டும்மா அது," என்றார்.

செப்டம்பரில் மறுபடி போனேன்.
இருபத்திரண்டு.
வாங்கிக்கொண்டேன்.

குறைந்த இரண்டை
லுடோவிகாவிடம்கூடச் சொல்லவில்லை.
இந்த ஊரில்
ஆசைப்பட்டு நான் செய்த செலவு
அது ஒன்றுதான்.